'நிற்கும்' என்றால் வாக்கியம் முடிந்ததா?

ஏற்காடு அடிவாரத்தில் இப்படி ஓர் அறிவிப்புப் பலகை வைத்திருப்பதாகக் கொள்வோம்:

"கனமழையில் மண் சரியும் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கீழே வரும் பஸ் நிற்கும் இடத்தில் காபி மூட்டை ஏற்றும் லாரிகளை நிறுத்தக் கூடாது."

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனாலும் பாதியில் கண் ஒரு தடவையாவது பின்னால் போய்த் திரும்பியிருக்கும்.

படிக்கும்போது கண் வரிமேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை, தாவித் தாவிப் போகிறது. தாவல்களுக்கு நடுவே ஏறக்குறைய கால் நொடி நிற்கிறது. அதற்குள் பார்த்த சொல்லை மூளை எதோடாவது பொருத்திவிடப் பார்க்கும். வாக்கியம் முடியட்டும் என்று காத்திருக்காது. 'மண் சரியும்': எழுவாய் இருக்கிறது, வினை இருக்கிறது, சரி, முடிந்தது. அடுத்து 'கொண்டை ஊசி' வந்ததும் மூடியதைத் திறக்க வேண்டும். 'பஸ் நிற்கும்' வந்ததும் மறுபடி அதே கூத்து. 'செய்யும்' என்ற வாய்பாடு வாக்கியத்தை முடிக்கிற முற்றாகவும் வரும், அடுத்த பெயரோடு சேர்கிற பெயரெச்சமாகவும் வரும் என்று பள்ளியில் படித்தோமே, அந்த இரட்டை வேடம்தான் இங்கே கண்ணைத் தடுக்கிவிடுகிறது. 'சரிந்த' என்று இருந்தால் இந்தக் குழப்பம் இல்லை. பின்னால் ஒரு பெயர் வருகிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

இதற்கிடையே நினைவிலும் சுமை ஏறுகிறது. மனம் ஒரே நேரத்தில் தாங்குவது ஏறத்தாழ நான்கு உருப்படிகள் என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001இல் மதிப்பிட்டார். நம் பலகையோ மழை, மண், வளைவு, பஸ், மூட்டை, லாரி என்று அடுக்கிவிட்டு, கூடாது என்பதைக் கடைசிச் சொல்லில்தான் சொல்கிறது.

அதற்காக, வினை கடைசியில் வருவதுதான் குற்றம் என்று சொல்லிவிட முடியாது. ஜெர்மன், இந்தி வாக்கியங்களை வைத்து நடந்த ஆய்வுகளில், வினைக்கு முன் சொற்கள் கூடியபோது சில இடங்களில் வாசகர்கள் வினையை வேகமாகவே படித்தார்கள். முன்னால் வந்தவை வினையை ஊகிக்க உதவுகின்றன. 'லாரிகளை' என்று ஐ உருபைப் பார்த்ததுமே லாரியை என்னவோ செய்யச் சொல்கிறார்கள் என்று நமக்கும் புரிகிறது.

நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்: "இங்கே லாரிகளை நிறுத்தாதீர்கள். ஏற்காட்டிலிருந்து இறங்குகிற பஸ் இங்கேதான் நிற்கும்." மண் சரிகிற கதை லாரிக்காரருக்கு இந்த இடத்தில் எதற்கு?

பேச்சில் இந்தச் சிக்கலே கிடையாது. சேலம் பஸ் ஸ்டாண்டில் "ஏற்காடு போற பஸ் எங்க நிக்கும்?" என்றுதான் கேட்கிறோம். 'போற' என்றால் பின்னால் பெயர் வரும், 'நிக்கும்' என்றால் பேச்சு முடிந்தது. 'ஏற்காடு போகும் பஸ்' எழுத உட்கார்ந்த பிறகுதான் வருகிறது.