சத்துருவை நேசிப்பது என்றால் அடி வாங்கிக்கொண்டே இருப்பதா?

குடும்ப ஆலோசனைக்கு வரும் கிறிஸ்தவர்கள் பலர், "நான் அவங்கள எப்பவோ மன்னிச்சுட்டேன் சார்" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். அப்புறம் அண்ணன் பத்திரத்தில் எப்படிக் கையெழுத்து வாங்கினார், அம்மா இறந்த வீட்டில் யார் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று ஒன்று விடாமல் வரும். அவர்கள் பொய் சொல்லவில்லை. மன்னிக்கச் சொல்லி சபையில் கேட்டிருக்கிறார்கள், எப்படி என்று யாரும் கூட உட்கார்ந்து சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

சத்துருக்களை நேசிக்கச் சொல்லி இயேசு பேசும் மத்தேயு 5:44-ஐ நிதானமாக வாசித்துப் பாருங்கள். ஆசீர்வதியுங்கள், நன்மை செய்யுங்கள், ஜெபம்பண்ணுங்கள். மூன்றுமே இன்றைக்கே செய்யக்கூடியவை, மனசு இளகும்வரை காத்திருக்கச் சொல்லவில்லை. யாத்திராகமம் 23-ல், உன்னைப் பகைக்கிறவனுடைய கழுதை சுமையோடு விழுந்து கிடந்தால் அவனுக்கு உதவு என்று இருக்கிறது. கழுதையைத் தூக்கிவிட அவன்மேல் பாசம் வர வேண்டியதில்லை. ஆனால் தூக்குகிற நேரத்தில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கும்.

அதனால் நான் முதலில் கேட்பது, குடும்ப ஜெபத்தில் உங்களைக் காயப்படுத்தியவர் பெயரைச் சொல்கிறீர்களா என்றுதான். ஒரு அம்மா, பேரப்பிள்ளைகள் முதல் பக்கத்து வீட்டு நோயாளி வரை பெயர் சொல்லி ஜெபிப்பவர், நாத்தனார் வருகிற இடத்தில் மட்டும் "எல்லாரையும் ஆசீர்வதியும் ஆண்டவரே" என்று தாண்டிவிடுவார். பெயரைச் சொல்லச் சொன்னேன். முதலில் "அவங்களத் திருத்தும் ஆண்டவரே" என்று வந்தது. சரி, அதுவும் ஜெபம்தான். கொஞ்ச நாள் போனதும் "அவங்க முட்டி வலிக்குச் சுகம் கொடும்" என்றார். நாத்தனாருக்கு முட்டி வலி என்பது அவருக்கு ரொம்ப நாளாகத் தெரியும்; ஜெபத்துக்குள் அது வந்தது அப்போதுதான். ஆவிக்குரிய வளர்ச்சி என்று நான் நம்புவது இதைத்தான், எத்தனை உபவாசக் கூட்டத்துக்குப் போனோம் என்ற கணக்கை அல்ல.

இது ஒரே இரவில் வராது. மத்தியப் பிரதேசத்தில் ஏழை விவசாயிகளுக்காக உழைத்த கேரள அருட்சகோதரி ராணி மரியாவை, 1995 பிப்ரவரி 25 அன்று, ஓடும் பஸ்ஸில் வந்த சமுந்தர் சிங் கத்தியால் குத்திக் கொன்றார். ராணி மரியாவின் தங்கை செல்மி பாலும் ஒரு துறவிதான். அவர் இந்தூர் சிறைக்குப் போய் அந்தக் கையில் ராக்கி கட்டியது 2002-ல், அதாவது ஏழு வருடம் கழித்து. அப்புறம் அந்தக் குடும்பமே கையெழுத்துப் போட்டுக் கருணை மனுவுக்குத் துணை நின்றது, 2006-ல் சமுந்தர் சிங் விடுதலையானார். ஒரு துறவிக்கே ஏழு வருடம் என்றால், போன மாதம் நடந்ததை இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் மறக்கச் சொல்லி யாரையும் நெருக்குவது கொடுமை.

இன்னொன்றை நான் அழுத்திச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த மத்தேயு வசனத்தை வைத்தே பெண்களைக் கட்டிப்போடுவதைப் பார்த்துவிட்டேன். பிரதான ஆசாரியன் முன்னால் கன்னத்தில் அறைந்தவனை இயேசு "என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார் (யோவான் 18:23). அப்போஸ்தலன் பவுல், ரோமப் பேரரசரான இராயனிடம் மேல்முறையீடு செய்தார். 1999-ல் ஒடிசாவின் மனோகர்பூரில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாம் ஸ்டெய்ன்ஸையும் அவருடைய இரண்டு மகன்களையும் எரித்துக் கொன்றவர்களை அவர் மனைவி கிளாடிஸ் மன்னித்தார், பாரிபதாவில் தொழுநோயாளிகளுக்கான பணியையும் தொடர்ந்தார். வழக்கு அதன் வழியில் நடந்தது, முக்கியக் குற்றவாளி தாரா சிங்கின் ஆயுள் தண்டனையை 2011-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மன்னிப்பு கிளாடிஸுடையது, தண்டனை நீதிமன்றத்துடையது, ஒன்று மற்றதைத் தடுக்கவில்லை.

அடிக்கிற கணவனுக்காக ஜெபிக்கிற பெண், அம்மா வீட்டில் பத்திரமாக இருந்துகொண்டும் ஜெபிக்கலாம், பெண்கள் உதவி எண் 181-ஐ அழைத்த பிறகும் ஜெபிக்கலாம். போதகர்களே, சபை மூப்பர்களே, அப்படி ஒருத்தி உங்களிடம் வந்தால், "பொறுத்துக்கோம்மா" என்று சொல்லி அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்பாதீர்கள்.