பூண்டுப் பாயசம்: கத்திக்கு முன்னால் கொதிநீர்

வேலூரில் பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பூண்டுப் பால் கொடுப்பது இன்றும் பல வீடுகளில் நடக்கிறது. எங்கள் ஆயா அதைக் காய்ச்சும்போது ஒரு வரிசையை மட்டும் ஒருநாளும் மாற்றியதில்லை. பூண்டுப் பற்களைத் தோலோடு கொதிக்கிற தண்ணீரில் போட்டு வேகவைப்பார். வெந்த பிறகு தோலைப் பிதுக்கி, உள்ளிருப்பதை மசித்துத்தான் பாலில் சேர்ப்பார். "பச்சையா நறுக்கிப் போட்டா பால் காறும்" என்பதைத் தவிர வேறு விளக்கம் அவர் சொன்னதில்லை. பூண்டின் வேதியியலில் பெரும்பகுதி அந்த ஒரு வரிக்குள் அடங்கியிருக்கிறது என்பது, அதே பூண்டை வைத்துப் பாயசம் செய்ய முயன்று இரண்டு முறை தோற்ற பிறகுதான் எனக்கு விளங்கியது.

பூண்டில் பாயசமா என்று வியப்பவர்கள் உண்டு. ஆற்காட்டுப் பக்கம் இனிப்பு என்றால் கோவாவும் மைதாவும் சேர்த்துப் பிசைந்து, உள்ளே பருப்பு வைத்துப் பொரித்து, பாகில் ஊறவைக்கும் மக்கன் பேடாதான் முதலில் நினைவுக்கு வரும். ஆம்பூர், வாணியம்பாடி விருந்துகளில் பூண்டின் இடம் பிரியாணி அண்டாவோடு முடிந்துவிடும். ஆனால் லக்னோவைச் சூழ்ந்த அவத் பகுதியின் சமையல் மரபில் 'பேனாமி கீர்' என்று ஒன்று இருக்கிறது. பெயரற்ற பாயசம் என்பது அதன் பொருள். பாலில் பாதாம் சீவலைப் போலக் கிடப்பது பூண்டு என்பதை விருந்தாளிக்குச் சொல்லாமலே பரிமாறுவார்கள். பிரியாணிக்கு அத்தனை மணத்தைக் கொடுக்கும் பொருள், பாலுக்குள் போனதும் தன் அடையாளத்தை எப்படி இழக்கிறது?

முழுப் பூண்டில் அந்த மணம் கிடையாது என்பதே இதற்கான விடை. உரிக்காத பூண்டு ஒன்றைக் கையில் எடுத்து முகர்ந்தால் காய்ந்த சருகின் மணம்தான் வரும். பூண்டின் திசுவில் அல்லீன் என்னும் கந்தகச் சேர்மம் ஒரு வகை உயிரணுக்களிலும், அதைச் சிதைக்கவல்ல அல்லினேஸ் என்னும் நொதி வேறு உயிரணுக்களின் நுண்பைகளிலும் தனித்தனியே பூட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. அல்லீனுக்கு மணமில்லை. கத்தியோ அம்மிக்கல்லோ பூச்சியின் பல்லோ பட்டு உயிரணுச் சுவர்கள் உடையும்போது இரண்டும் கலக்கின்றன. சில நொடிகளுக்குள் அல்லிசின் உருவாகிறது. 1944இல் அமெரிக்க ஆய்வாளர்கள் செஸ்டர் கவாலிட்டோவும் ஜான் பெய்லியும் பிரித்தெடுத்த இந்தச் சேர்மம்தான் நறுக்கிய பூண்டின் மூக்கைத் துளைக்கும் நெடிக்கும் நாக்கில் ஏறும் காரத்துக்கும் காரணம். செடியின் பார்வையில் இது ஒரு தற்காப்பு ஆயுதம். தன்னைக் கடிக்க வருபவரின் வாயில் மட்டும் வெடிக்கும்படி அமைந்தது. நம் நரம்பு முனைகளில் எரிச்சலை உணரும் வாயில்களை அல்லிசின் திறந்துவிடுகிறது என்பதை 2005இல் டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் ஆகியோரின் ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே காட்டின. வெப்பத்தையும் தொடுதலையும் நம் உடல் உணரும் விதத்தைக் கண்டறிந்ததற்காக 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களும் இவர்கள் இருவரே.

ஆகவே பாயசம் செய்பவரின் வேலை, பிறந்துவிட்ட நெடியைப் போக்குவது அன்று. அதைப் பிறக்கவிடாமல் தடுப்பது. நொதி என்பது புரதம்; போதிய சூட்டில் அதன் மடிப்புகள் குலைந்துவிடும், குலைந்த நொதி எதையும் சிதைக்காது. முழுப் பல்லைத் தோலோடு கொதிநீரில் இட்டால், அல்லீனைச் சந்திக்கும் முன்பே அல்லினேஸ் செயலிழக்கிறது. அதற்குப் பிறகு எத்தனை துண்டாக நறுக்கினாலும் மசித்தாலும் அல்லிசின் உருவாக வழியில்லை. முதலில் நறுக்கி, பிறகு வேகவைத்தால் கதை வேறு. அல்லிசின் அதற்குள் பிறந்திருக்கும். சூட்டில் அது அழிந்தாலும், அழியும்போது டைஅல்லைல் டைசல்பைடு போன்ற கந்தகச் சேர்மங்களாக மாறி, தாளித்த பூண்டின் மணத்தை விட்டுச்செல்லும். ரசத்துக்கு நாம் விரும்பும் மணம் அதுதான், பாயசத்துக்கு ஆகாது.

இதை எவரும் தம் அடுப்படியிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரே பூண்டிலிருந்து ஒத்த அளவில் இரண்டு பற்களை எடுத்து, ஒன்றை உரித்து நசுக்கி ஐந்து நிமிடம் வைத்திருந்து கொதிநீரில் போட்டேன். மற்றதைத் தோலோடு நேராகக் கொதிநீரில் போட்டேன். பத்து நிமிடம் கழித்து இரண்டையும் தனித்தனியே அரைத் தம்ளர் சூடான பாலில் கரைத்தேன். முதல் தம்ளரை முகத்தருகே கொண்டுவரும்போதே பூண்டு என்று தெரிந்தது. இரண்டாவதில் வெந்த உருளைக்கிழங்கையும் வேர்க்கடலையையும் நினைவூட்டும் ஒரு மெல்லிய மணம் மட்டும் இருந்தது. சர்க்கரை போடாமலே அது சற்று இனித்தது. பச்சைப் பூண்டின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மாவுச்சத்து வகைப் பொருளே; அதில் பெரும்பகுதி பிரக்டோஸ் கண்ணிகள் கோத்த பிரக்டான். காரம் நாக்கை மறைத்துக்கொண்டிருந்த வரையில் தெரியாத இனிப்பு, காரம் விலகியதும் தெரிகிறது.

தண்ணீர் முன்பே கொதித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். பூண்டைப் பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பைப் பற்றவைத்தால், சூடு மெதுவாக ஏறுகிற அந்த இடைவெளியில் உயிரணுச் சவ்வுகள் முதலில் தளர்ந்துவிடும். நொதி அப்போதும் உயிரோடு இருக்கும். கத்தி படாமலே நொதியும் அல்லீனும் ஓரளவு கலந்துவிடும். கொதிநீர் அந்த இடைவெளியைச் சுருக்கிவிடுகிறது.

இனி என் தோல்விகளைப் பற்றி. பூண்டை எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ ஊறவைத்தால் நெடி போகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, உரித்து நறுக்கிய பூண்டை எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் ஊறவைத்தேன். அது சித்திரை மாதம். வேலூர் வெயிலில் பூண்டு வற்றிப் போகுமே என்று இரண்டு மாதமாகக் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்த பூண்டு அது. மறுநாள் காலையில் கிண்ணத்தைத் திறந்தால் துண்டுகளின் விளிம்பெல்லாம் மயில் கழுத்து நிறத்தில் பசுநீலமாக மாறியிருந்தன. கெட்டுப்போய்விட்டது என்றெண்ணிக் கொட்டிவிட்டேன். உண்மையில் அது கெடவில்லை. பூண்டு நெடுநாள் குளிரில் இருக்கும்போது அதில் ஐசோஅல்லீன் என்னும் சேர்மம் மிகுகிறது. நறுக்கி அமிலத்தில் இடும்போது நொதியின் வேலையால் அதிலிருந்து பிறக்கும் பொருள்கள், பூண்டிலுள்ள அமினோ அமிலங்களோடு சேர்ந்து நீல, பச்சை நிறமிகளை உண்டாக்குகின்றன. வட சீனாவில் இதே நிறத்துக்காகவே பூண்டை வினிகரில் ஊறவைத்து ஊறுகாய் போடுகிறார்கள். ஊறுகாய்க்கு அது அழகு. வெண்மையாக இருக்க வேண்டிய பாயசத்துக்கு அன்று.

இரண்டாம் முறை, பூண்டை வினிகர் கலந்த நீரில் வேகவைத்து, ஒரே ஒரு முறை அலசிப் பாலில் சேர்த்தேன். பூண்டு விழுந்த இடத்தைச் சுற்றி முதலில் சிறு மணிகள் தோன்றின. கரண்டியால் ஒருமுறை கிளறி முடிப்பதற்குள் ஒரு லிட்டர் பாலும் திரிந்துவிட்டது. பாலின் புரதத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு கேசீன். அது நுண்ணிய உருண்டைகளாகப் பாலில் மிதக்கிறது. ஒவ்வோர் உருண்டையின் மேற்பரப்பிலும் மயிரிழை போன்ற நீட்சிகள் எதிர்மின்னூட்டத்துடன் சிலிர்த்து நிற்பதால், உருண்டைகள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டே இருக்கின்றன. அமிலம் கூடக் கூடக் குறையும் அளவுகோலான பி.எச். பாலில் 6.6 அல்லது 6.7 என்றிருக்கும்வரை இந்த விலகல் நீடிக்கும். அமிலம் சேரச் சேர மின்னூட்டம் குறைகிறது, 4.6இல் அது சமனாகி உருண்டைகள் ஒட்டிக்கொள்கின்றன. தயிர் உறைவது இப்படித்தான். ஆனால் கொதிக்கும் பால் 4.6 வரை காத்திருக்காது. சூட்டில் உருண்டைகள் வேகமாக மோதிக்கொள்வதால் அதற்கு வெகு முன்பே திரிந்துவிடும். வற்றிய பாலில் புரதமும் உப்புகளும் செறிந்திருப்பதால் ஆபத்து இன்னும் கூடும். வெல்லம் போட்ட பாயசத்தை அடுப்பிலிருந்து இறக்கி ஆறவைத்த பிறகே பால் சேர்க்கும் நம் வழக்கத்துக்கும் இதுவே காரணம்.

அமிலத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு. புளி ஊற்றிய பிறகு காய் வேகாது என்பது நம் சமையலறைகளில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். காயின் உயிரணுக்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்னும் பசை, அமிலத்தில் எளிதில் கரைவதில்லை. வினிகரில் வெந்த பூண்டு அதனால்தான் விறைப்பாகவே நின்றது. படிகாரமும் அந்தப் பசையை இறுக்கும். பல்லில் கடிபடும் பாதாம் சீவல் போல வேண்டும் என்பவர்களுக்கு அந்த வழி பொருந்தும். நாலைந்து தண்ணீர் மாற்றி அலசும் பொறுமை வேண்டும். எனக்கோ நாக்கில் கரைகிற பூண்டுப் பால்தான் இலக்கு. ஆகவே அமிலமே இல்லாத வெறும் கொதிநீருக்கு, அதாவது ஆயாவின் முறைக்கே திரும்பினேன். நேரடியாகப் பாலிலேயே வேகவைத்தால் என்ன என்று கேட்கலாம். பாலிலுள்ள கால்சியமும் பெக்டினை இறுக்குவதால் வேக நேரமாகும். அதற்குள் பால் அடிபிடித்துவிடும்.

நான் இப்போது செய்யும் விதம் இது. ஒரு லிட்டர் எருமைப் பாலுக்கு 50 கிராம் பூண்டு. பற்களைக் காம்புப் பக்கம் கிள்ளாமல், தோலோடு கொதிநீரில் பதினைந்து நிமிடம் வேகவிட்டு, நீரை வடித்து, தோலைப் பிதுக்கி எடுக்கிறேன். நீளவாக்கில் சீவி, ஒரு கரண்டி நெய்யில் ஓரம் லேசாகப் பொன்னிறமாகும்வரை புரட்டுகிறேன். மறுபுறம், பிரியாணிக்கு வாங்கிய சீரகச் சம்பாவின் நொய் இரண்டு மேசைக்கரண்டியைக் கழுவி, அடிகனமான பாத்திரத்தில் பாலோடு சேர்த்து மெல்லிய தீயில் வைக்கிறேன். அரிசியின் மாவுச்சத்து நீரை உறிஞ்சி உப்பிப் பாலைத் தடிப்பாக்கும். ஓரத்தில் படியும் ஆடையை வழித்து வழித்து உள்ளே தள்ள வேண்டும். சூட்டில் உருக்குலைந்த மோர்ப்புரதமும் (பாலில் கேசீன் போக எஞ்சிய புரதம்) கேசீனும் கொழுப்பைப் பிடித்துக்கொண்டு படலமாகியதே அந்த ஆடை. பால் 600 மில்லி அளவுக்கு வற்றும்போது, பாற்சர்க்கரையும் புரதத்திலுள்ள லைசீன் என்னும் அமினோ அமிலமும் வினைபுரிந்து இளஞ்சந்தன நிறத்தையும் கோவா மணத்தையும் தருகின்றன. 1912இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமில் மயார் விவரித்த வினை இது. நெய்யில் புரண்ட பூண்டின் விளிம்பில் நிகழ்வதும் அதே குடும்பத்தைச் சேர்ந்த வினைதான் என்பதால், இரண்டு மணங்களும் ஒன்றோடொன்று இசைந்துபோகின்றன. பூண்டு பாலுக்கு அந்நியமாகத் தெரியாததற்கு இது பெரிய காரணம் என்று நான் கருதுகிறேன்.

பூண்டைச் சேர்த்துப் பத்து நிமிடம் கொதித்த பிறகே 100 கிராம் சர்க்கரை. முன்பே போட்டால் சர்க்கரை நீரைத் தன்வசம் பிடித்துக்கொள்ளும். நொய் நடுவில் விதையாக நிற்கும். போட்டவுடன் பாயசம் நீர்த்துப்போனதுபோல் தோன்றும், அஞ்ச வேண்டாம். ஆறும்போது மாவுச்சத்து இறுகித் தானே கெட்டிப்படும். ஏலக்காயின் மணப்பொருள்கள் எளிதில் ஆவியாகிவிடுவதால் நான்கு காய்களைப் பொடித்து, இறக்கிய பின்தான் தூவுகிறேன்.

எத்தனை கவனமாக இருந்தாலும் சிற்சில பற்களில் கீறலோ அடியோ பட்டிருக்கும். கொஞ்சம் கந்தகச் சேர்மம் உருவாகியே தீரும். அதை எதிர்கொள்வது பாலின் கொழுப்பு. டைஅல்லைல் டைசல்பைடு போன்றவை நீரைவிடக் கொழுப்பில் நன்றாகக் கரைவன. கொழுப்பில் கரைந்து கிடப்பவை ஆவியாகி மூக்கை எட்டுவது குறைவு. அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹன்சனுக்ரும், பாரிங்கர் ஆகிய இருவர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், பூண்டு தின்றவர்களின் மூச்சிலுள்ள நெடியைப் பால் குறைப்பதையும், கொழுப்பு நீக்கிய பாலைவிட முழுப் பால் சிறப்பாகச் செயல்படுவதையும், பின்னால் குடிப்பதைவிடப் பூண்டோடு சேர்த்தே குடிப்பது கூடுதல் பயன் தருவதையும் அளந்து காட்டினார்கள். பசும்பாலில் கொழுப்பு 4 விழுக்காட்டை ஒட்டியும், எருமைப் பாலில் 7 விழுக்காட்டை ஒட்டியும் இருக்கும். நான் எருமைப் பாலைத் தேர்ந்ததற்கு இதுவே காரணம்.

அந்த ஆய்வு அளந்த சேர்மங்களில் பிடிவாதமானது அல்லைல் மெத்தில் சல்பைடு. அது வாயில் தங்குவதில்லை. வயிற்றில் பூண்டுச் சேர்மங்கள் சிதையும்போது உருவாகி, இரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியே மூச்சில் மணிக்கணக்கில் வெளியேறிக்கொண்டிருக்கும். பல் துலக்கினாலும் போகாது. அல்லிசின் மிகுதியாக உருவாகியிருந்தால் இதுவும் மிகும். இரவு இரண்டு கிண்ணம் பூண்டுப் பாயசம் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் விடியற்காலையில் வீட்டில் ஒவ்வொருவராக அழைத்து என் மூச்சை முகர்ந்து சொல்லச் சொன்னேன். ஏலக்காய் என்றார்கள்.