புகையிலையை நிறுத்த இலவசத் தொலைபேசி உதவி: வேலையில் இருப்போருக்கும் இல்லாதோருக்கும்

சிகரெட், பீடி, புகையிலைப் பொட்டலங்களின் மேல் அந்த பயங்கரமான படத்தோடு 1800-11-2356 என்ற எண்ணும் இருக்கும். 2018 செப்டம்பரிலிருந்து அதை அச்சிடுவது கட்டாயம். மத்திய சுகாதார அமைச்சகத்தின் இந்த உதவி எண் 2016-இல் டெல்லி வல்லபபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தில் தொடங்கியது. இப்போது பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனத்திலும் ஒரு மையம் இருப்பதால் தமிழிலேயே பேசலாம். கட்டணம் இல்லை. திங்கட்கிழமை விடுமுறை, மற்ற நாள்களில் காலை 8 முதல் இரவு 8 வரை.

இது யாருக்கு? புகைப்பவர்களுக்கு மட்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 2016-17 தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வயது வந்தோரில் புகைப்பவர்கள் 10.7 சதவீதம், மெல்லுவது, வாயில் அடக்குவது போன்ற புகையில்லாப் புகையிலைக்காரர்கள் 21.4 சதவீதம், அதாவது இரண்டு மடங்கு. ஊருக்கு ஊர் நிலைமையும் வேறு. திரிபுராவில் 64.5 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வகையில் புகையிலை பயன்படுத்துகிறார்கள், கோவாவில் 9.7, தமிழ்நாட்டில் 20. வெற்றிலையோடு புகையிலை போடும் பாட்டியும் இந்த எண்ணில் தாராளமாகப் பேசலாம்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு. 2003-ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், 2008 அக்டோபர் 2 முதல் அலுவலகம், ஆலை, பணிமனை எல்லாம் பொது இடங்களே. அங்கே புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம். பெரிய ஓட்டல்களுக்கும் விமான நிலையங்களுக்கும் இருக்கும் தனிப் புகை அறைச் சலுகை அலுவலகங்களுக்குக் கிடையாது. புகார் சொல்லியும் நிர்வாகம் கண்டுகொள்ளாவிட்டால் பொறுப்பாளருக்கே அபராதம் விழும்.

ஆனால் மேற்கூரை இல்லாத வேலைகளை இந்த விதி எட்டுவதே இல்லை என்பது என் கருத்து. கொத்தனார், மீனவர், வயல் வேலைக்காரர் எல்லாம் வெட்டவெளியில் நிற்கிறார்கள். வேலை தேடி வீட்டில் இருப்பவரை 'இங்கே பிடிக்காதீங்க' என்று சொல்ல ஒரு மேலாளர்கூட இல்லை. வாயில் அடக்குபவர் ஏசி அறையில் உட்கார்ந்திருந்தாலும் புகைத் தடை அவரைத் தொடாது. உதவி எண்ணுக்கு இந்த வேறுபாடு எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் இயங்குவதால் அன்று மட்டும் ஓய்வு கிடைப்பவருக்கும் தோது.

சரி, அழைத்தால் என்ன நடக்கும்? எதைப் பயன்படுத்துகிறீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை, எழுந்ததும் எவ்வளவு நேரத்தில் முதல் பீடி என்றெல்லாம் ஆலோசகர் கேட்பார். உங்களோடு பேசி நிறுத்தும் நாளைக் குறிப்பார். அதன் பிறகு அவர்களே இடைவெளி விட்டுக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். கிடைப்பது ஆலோசனைதான், மருந்து வீட்டுக்கு வராது. நிகோட்டின் சூயிங்கமோ மாத்திரையோ தேவைப்பட்டால் அரசு மருத்துவமனைகளிலும் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் உள்ள புகையிலை நிறுத்த மையங்களில் கேளுங்கள். நடுவில் மறுபடி தொடங்கிவிட்டாலும் அதே எண்ணை மீண்டும் அழைக்கலாம்.