தலகாணியில மூத்திரம் போற வயசான பூனைக்கு உங்க மேல கோவம் இல்ல

ஒரு வாசகி கேட்டிருந்தாங்க: "எங்க பூனைக்கு 14 வயசு. குட்டியில இருந்து லிட்டர் பாக்ஸ் (அது போறதுக்குன்னு மண் நிரப்பி வைக்கிற தொட்டி) தவிர வேற எங்கயும் போனதில்ல. இப்ப கொஞ்ச நாளா பாத்ரூம் மிதியடி, சோபா, ஒரு நாள் என் தலகாணி. நான் வேலைக்குப் போறதால பழிவாங்குதுன்னு மாமியார் சொல்றாங்க, பக்கத்து வீட்டம்மா இது வீட்டுக்கு ஆகாதுங்கறாங்க. எது சரி?"

ரெண்டுமே இல்லங்க. பழிவாங்கணும்னா இவ சாயங்காலம் வந்து இந்தத் தலகாணியிலதான் படுப்பா, அப்ப தெரியட்டும்னு முன்கூட்டியே திட்டம் போடணும், பூனை அப்படித் திட்டம் போடுதுங்கறதுக்கு ஒரு ஆதாரமும் கிடையாது. ஆகும் ஆகாது விஷயத்துக்கு நான் வரவே இல்ல. குறுக்க போனாலும் குத்தம், வீட்டுக்குள்ள போனாலும் குத்தம்னா அது எங்கதான் போகும் பாவம்.

14 வயசு பூனைன்னா மனுஷக் கணக்குல எழுபது தாண்டின ஆளு. இந்த வயசுல திடீர்னு பாக்ஸை விட்டுச்சுன்னா முதல்ல உடம்பைத்தான் சந்தேகப்படணும். சர்க்கரை வியாதி, தைராய்டு அதிகமா சுரக்கிறது, மூத்திரப்பையில இன்ஃபெக்‌ஷன், மலச்சிக்கல், பார்வை மங்குறது, நம்ம பெரியவங்களுக்கு வர மாதிரி மறதி (ராத்திரி காரணமே இல்லாம கத்திக்கிட்டு சுத்தும்), இப்படி பட்டியல் நீளும். ஆனா அடிக்கடி மாட்டுறது மூட்டும் கிட்னியும்.

மூட்டு விஷயத்தை சட்டுனு முடிச்சிடறேன். 2002ல அமெரிக்காவுல 12 வயசு தாண்டின 100 பூனைங்களோட எக்ஸ்ரேவைப் பார்த்ததுல 90 பூனைக்கு மூட்டுத் தேய்மானம் தெரிஞ்சுது. பூனை நொண்டாது, முனகாது, பீரோ மேல ஏறுறதை நிறுத்திடும், அவ்வளவுதான். பாக்ஸோட சுவரைத் தாண்டுறதும், மண்ணைத் தோண்டி குந்துறதும் வலிச்சுதுன்னா, வலிக்கு காரணம் இடுப்புன்னு அதுக்குத் தெரியாது, இந்த பாக்ஸ்ல போனாத்தான் வலிக்குதுன்னு முடிவு பண்ணிடும். ஒரு பக்கச் சுவரை மூணு விரல் உயரத்துக்கு வெட்டி இறக்கிப் பாருங்க, சில பூனை அன்னைக்கே திரும்பி வந்துடும்.

இப்ப கிட்னி. இதை எழுதத்தான் நான் உக்காந்ததே. நம்ம வீட்டுப் பூனைக்கு முன்னோர் ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை, வறண்ட நிலத்து ஜீவன், பிடிச்ச எலியோட உடம்புல இருக்கிற தண்ணியிலயே காலத்தை ஓட்டும். அதனால மூத்திரத்தை எவ்வளவு கெட்டியா ஆக்க முடியுமோ அவ்வளவு ஆக்குற கிட்னி அதுக்கு அமைஞ்சிருக்கு. நம்ம மூத்திரம் ரத்தத்தை விட நாலு மடங்கு வரைக்கும் கெட்டியாகும், பூனையோடது பத்து மடங்கு. கடல்தண்ணியையே குடிச்சு பூனையால சமாளிக்க முடியும்னு 1959லயே சோதிச்சுப் பார்த்திருக்காங்க (நீங்க வீட்டுல சோதிக்காதீங்க).

இந்தக் கெட்டியாக்குற வித்தை நடக்கிற இடம் ஹென்லே வளைவு. ஒரு பூனைக் கிட்னியில சுமார் 2 லட்சம் நெஃப்ரான் (ரத்தத்தை வடிகட்டி மூத்திரமாக்குற நுண்ணிய குழாய்) இருக்கு, வடிகட்டுறது திரும்ப உறிஞ்சுறதெல்லாம் ஸ்கூல்லயே படிச்சது, அதை விட்டுடுவோம். ஒவ்வொரு நெஃப்ரான் குழாயும் கிட்னியோட உள்பக்கம் ஆழமா இறங்கி, கொண்டை ஊசி வளைவா திரும்பி, பக்கத்துலயே மேல ஏறி வருது, இதுதான் ஹென்லே வளைவு. ஏறுற குழாய் உப்பை வெளிய பம்ப் பண்ணும், தண்ணியை விடாது. இறங்குற குழாய் தண்ணியை விடும். பம்ப்புக்கு பெரிய பலம் ஒண்ணும் கிடையாது, எந்த இடத்துல பார்த்தாலும் உள்ளுக்கும் வெளிக்கும் 200 மில்லிஆஸ்மோல் (திரவத்துல உப்பு மாதிரி பொருள் எவ்வளவு கரைஞ்சிருக்குங்கற அளவு) வித்தியாசம்தான் அதால கொண்டு வர முடியும். ரத்தத்தோட அடர்த்தி 300, அப்ப 500க்கு மேல போகக் கூடாதுல்ல? ஆனா பூனை மூத்திரம் 3000ஐத் தாண்டுது!

எப்படின்னா, ஏறுற குழாய் வெளிய தள்ளுன உப்பு, பக்கத்துல இறங்கிட்டு இருக்கிற குழாய்ல இருந்து தண்ணியை இழுத்துடுது, அதனால இறங்குற திரவம் கெட்டியாகுது, அதே கெட்டித் திரவம்தான் வளைவுல திரும்பி பம்ப்கிட்ட வருது, அப்ப பம்ப் 300ல இருந்து ஆரம்பிக்கிறதில்ல, ஏற்கனவே ஏறி நிக்கிற அளவுல இருந்து ஆரம்பிச்சு அதுக்கு மேல தன்னோட 200ஐ சேர்க்குது. அது மறுபடி இறங்குற பக்கத்தை இன்னும் கெட்டியாக்குது. இப்படியே சின்ன வித்தியாசம் ஆழம் போகப் போக ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, இன்னும் கீழ யூரியாவும் வந்து சேர்ந்துக்கிட்டு, கிட்னியோட நடுப்பகுதியே உப்பு ஊறின இடமா ஆயிடுது. கடைசியில மூத்திரக் குழாய் அந்த வழியா இறங்கும்போது தண்ணி தானாவே வெளியேறிடும். தண்ணியை நேரடியா தள்ளுற பம்ப் உடம்புல எங்கயுமே கிடையாது, உப்பைத் தள்ளினா தண்ணி பின்னாடியே வரும், அவ்வளவுதான் சூட்சுமம். எத்தனை தடவை படிச்சாலும் எனக்கு இது அலுக்கல.

வயசான பூனைக்கு நெஃப்ரான் ஒண்ணொண்ணா சாகுது. செத்தது திரும்ப வராது, மிச்சம் இருக்கிறது ஒவ்வொண்ணும் அதிகமா வடிகட்டி ஈடுகட்டும். அங்கதான் சிக்கல், குழாய்ல திரவம் வேகமா ஓடுதுன்னா உப்பை அடுக்கடுக்கா ஏத்துறதுக்கு நேரம் பத்தாது, மூத்திரம் தண்ணியா வருது. தண்ணி போறதால தாகம், நிறைய குடிக்கும், இன்னும் நிறைய போகும். கிட்னியில மூணுல ரெண்டு பங்கு போனதும் இது ஆரம்பிக்கும், ஆனா ரத்த டெஸ்ட்ல கிரியேட்டினின் (கிட்னி வெளியேத்த வேண்டிய கழிவு) ஏற முக்கால் பங்கு போகணும். அதாவது லேப் ரிப்போர்ட் நார்மல்னு சொல்லிட்டு இருக்கும்போதே லிட்டர் பாக்ஸ் விஷயத்தைச் சொல்லிடும். கட்டியாகுற மண் போடுறவங்க அள்ளும்போது பாருங்க, எலுமிச்சம்பழ சைஸ்ல இருந்த கட்டி ஆரஞ்சு சைஸ் ஆகியிருக்கும், நாத்தமும் முன்ன மாதிரி மூக்கைத் துளைக்காது. நீங்க வழக்கம் போல ஒரு வேளைதான் அள்ளுவீங்க, ராத்திரிக்குள்ள பாக்ஸ் சொதசொதன்னு ஆயிடும், ஈர மண்ணுல கால் வைக்க பூனைக்குப் பிடிக்காது, பக்கத்துல காஞ்ச மிதியடி இருக்கு. வேற என்ன பண்ணும்?

அதனால டாக்டர்கிட்ட போகும்போது ரத்தத்தோட மூத்திரத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்க. ரிஃப்ராக்டோமீட்டர்னு கையில பிடிக்கிற சின்னக் கருவி, கண்ணாடி மேல ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்துல பார்த்தா நீலமும் வெள்ளையும் சந்திக்கிற கோடு எந்த எண்ல நிக்குதுன்னு தெரியும். அதுதான் மூத்திரத்தோட அடர்த்தி (வெறும் தண்ணின்னா 1.000), 1.035க்கு மேல இருந்தா கெட்டியாக்குற வேலை நடக்குதுன்னு அர்த்தம்.

பூனைக்கு மட்டும் ஏன் கிட்னி இவ்வளவு சீக்கிரம் போகுதுங்கறதுக்கு ஜப்பான்ல தோரு மியாசாகிங்கற ஆராய்ச்சியாளர் ஒரு விளக்கம் வச்சிருக்கார். ரத்தத்துல ஏஐஎம்னு ஒரு புரதம், ஐஜிஎம்ங்கற பெரிய ஆன்ட்டிபாடியோட ஒட்டிக்கிட்டு சுத்தும், கிட்னி அடிபட்டா பிரிஞ்சு போய் குழாயை அடைச்சிருக்கிற செத்த செல்லுங்க மேல ஒட்டி, இதைத் தின்னுடுன்னு மத்த செல்லுக்கு அடையாளம் காட்டும். பூனையோட ஏஐஎம், எலியோடதை விட சுமார் 1000 மடங்கு இறுக்கமா ஒட்டியிருக்கு, பிரிஞ்சே வர்றதில்ல, குப்பை அப்படியே கிடக்குதுன்னு 2016ல அவரோட குழு எழுதுச்சு. கொரோனாவுல அவருக்குப் பணம் வர்றது நின்னு வேலை முடங்குச்சு. 2021 ஜூலைல அந்தச் செய்தி வந்ததும் பூனை வளர்க்கிறவங்க டோக்கியோ பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினது 20 கோடி யென்னுக்கும் மேல. அடுத்த வருஷம் மனுஷன் வேலையை விட்டுட்டு இதுக்குன்னே தனி நிறுவனம் ஆரம்பிச்சார். படிக்க சந்தோஷமாத்தான் இருக்கு, ஆனா எனக்கு எரிச்சலும் வருது, பூனைக்கு ரசிகர் பட்டாளம் இருக்கு, உண்டியல் நிறைஞ்சிடுச்சு, ஆட்டுக்கு வர்ற வியாதியை ஆராயறவனுக்கு யார் உண்டியல் குலுக்குவா? ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கிறது அரசாங்கத்தோட வேலை.

சரி, வாசகிக்கு. இன்னொரு பாக்ஸ் வைங்க, பெருசா, சுவர் தாழ்வா, பூனை தூங்குற இடத்துக்குக் கிட்ட. ரெண்டு மூணு வேளை அள்ளுங்க. மூத்திரம் நிறைய போகுதேன்னு தண்ணிக் கிண்ணத்தை மட்டும் எடுத்துடாதீங்க, அது போறதாலதான் குடிக்குது. மூட்டு வலிக்குன்னு பாராசிட்டமால் கொடுத்தா செத்துடும், அதை உடைக்கிற என்சைம் பூனைக் கல்லீரல்ல போதுமான அளவு கிடையாது, பினாயில்ல இருக்கிற ஃபீனாலையும் அதால சரியா உடைக்க முடியாது, அதே காரணத்தால மூத்திரம் போன இடத்தை பினாயில் ஊத்திக் கழுவாதீங்க, பெட் கடையில கிடைக்கிற என்சைம் கிளீனர் போதும். ஆண் பூனையா இருந்து, திரும்பத் திரும்ப குந்தி முக்கியும் ஒரு சொட்டும் வரலன்னா அது அடைப்பு, ஒண்ணு ரெண்டு நாள்ல உயிரே போகும், காலைல பாத்துக்கலாம்னு இருக்காம அந்த நேரத்துக்கே ஆட்டோ பிடிங்க.