பாசியைக் கொல்லலாம், நஞ்சை என்ன செய்வது?

2014 ஆகஸ்டு தொடக்கத்தில் அமெரிக்காவின் டொலீடோ நகரத்தில் ஏறத்தாழ 4 லட்சம் பேருக்கு ஓர் எச்சரிக்கை: குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், காய்ச்சியும் குடிக்காதீர்கள். ஈரி ஏரியில் மண்டிக் கிடந்த மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு, சுத்திகரிப்பு நிலையத்தையும் தாண்டி வந்துவிட்டிருந்தது. ஈரலைத் தாக்கும் அந்த மைக்ரோசிஸ்டின் கொதிக்க வைத்தாலும் சிதையாது. நீர் ஆவியாக ஆவியாக அதன் செறிவு கூடத்தான் செய்யும். தினமும் குடிக்கும் நீரில் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு.

குளோரினை அள்ளிப் போட்டால் தீராதா? பாசி சாகும். ஆனால் பாசி உயிரோடு இருக்கும்வரை நஞ்சில் பெரும்பங்கு செல்லுக்குள்ளேயே அடைபட்டிருக்கிறது. குளோரின் செல்சவ்வை அரித்ததும் அது மொத்தமாக நீரில் கலந்துவிடும். வெளியே வந்த நஞ்சையும் குளோரின் சிதைக்கும், ஆனால் அதற்கு வேண்டிய அளவும் நேரமும் வேறு. செல்லிலிருந்து கொட்டிய மற்ற கரிமப் பொருள்களே குளோரினைத் தின்றுவிட்டால் நஞ்சுக்கு மிச்சம் இருக்காது. போதாக்குறைக்கு, அவற்றோடு குளோரின் சேர்ந்து டிரைஹாலோமீத்தேன் போன்ற வேண்டாத பொருள்களும் உருவாகும்.

இன்னொரு சிக்கல், பாசியே செய்து வைப்பது. வெயிலில் அது கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சித் தள்ளுவதால் நீரின் பிஎச் 9-ஐத் தாண்டும். அந்தக் காரத்தன்மையில் குளோரின் பெரும்பாலும் வீரியம் குறைந்த ஹைப்போகுளோரைட் அயனியாகவே இருக்கும். பிஎச் 8-க்குக் கீழே இருந்தால்தான் நஞ்சு வேகமாகச் சிதையும்.

ஓசோன் மைக்ரோசிஸ்டினை மளமளவென்று உடைக்கும். நஞ்சின் வீரியத்துக்கு முக்கியமான ஒரு பகுதியில் உள்ள இரட்டைப் பிணைப்புகள்தான் அதன் முதல் இலக்கு. ஆனால் செல்லையும் அதே வேகத்தில் கிழிக்கும். நீர் சுத்திகரிப்பில் போடும் இன்னொரு வேதிப்பொருளான பெர்மாங்கனேட்டைக் குறைந்த அளவில் போட்டால் பல செல்கள் உடையாமலே ஒன்றோடொன்று ஒட்டிப் படிய வாய்ப்புண்டு. அளவு மீறினால் அதுவும் செல்லை உடைக்கும். என்னைக் கேட்டால், செல்களை முழுசாகவே படியவைத்து வடிகட்டி வெளியேற்றிவிட்டு, நீரில் கரைந்து மிச்சமிருக்கும் நஞ்சின்மேல் குளோரின், ஓசோன் போன்ற ஆக்சிஜனேற்றியைப் பிரயோகிப்பதே சரியான வரிசை.

சரி, ஏரியிலேயே அழிக்க முடியாதா? அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் பாம் தீவு ஓர் உதாரணம். 1979-இல் அங்கே குடிநீர் அணையில் பாசியைக் கொல்லக் காப்பர் சல்ஃபேட் போட்டார்கள். அதைத் தொடர்ந்து 148 பேர், பெரும்பாலும் குழந்தைகள், ஈரல் வீக்கத்தோடு நோயுற்றார்கள். செத்த பாசி வெளியேற்றிய நஞ்சே காரணம் என்று பின்னர் கருதப்பட்டது.

நெதர்லாந்தில் 2009-இல் கூட்ஸ்ஹாயிஸ் ஏரியில் வேறு வழியை முயன்றார்கள்: லிட்டருக்கு வெறும் 2 மில்லிகிராம் ஹைட்ரஜன் பெராக்சைடு. சில நாள்களில் அங்கிருந்த நீலப்பச்சைப் பாசியில் 99 சதவீதம் அழிந்தது. மற்ற உயிர்களுக்குப் பெரிய பாதிப்பில்லை. பச்சைப் பாசிகளில் ஒளிச்சேர்க்கையின்போது பெராக்சைடு தானாகவே உண்டாகும், ஆகவே அதை முறிக்கும் நொதிகள் அவற்றிடம் தயாராக இருக்கும். நீலப்பச்சைப் பாசி உபரி எலெக்ட்ரான்களைக் கொண்டு ஆக்சிஜனை, இடையில் பெராக்சைடு உண்டாகாமல், நேரடியாக நீராக்கிவிடுகிறது. அந்தப் பாதுகாப்பு அதற்கு அவ்வளவாகத் தேவைப்பட்டதில்லை, அதனால் அடிபடுகிறது. போட்ட மருந்தும் சில நாள்களில் நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும்.

ஏரி அங்கே சுமார் ஏழு வாரம் தெளிவாக இருந்தது. அப்புறம்? பாசிக்கு உரமாகும் பாஸ்பரஸ் நீரில் இருக்கும்வரை அது திரும்பி வரத்தான் செய்யும்.