தெரிந்த பழுதோடு விமானத்தை ஓட்டலாமா? பைலட் பயிற்சிக்குப் பிள்ளையை அனுப்பும் வீடுகளுக்கு

செட்டிநாட்டில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் இன்னும் சும்மாதான் கிடக்கிறது. ஆனால் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பிள்ளையைப் பைலட் பயிற்சிக்கு அனுப்ப நினைக்கிற வீடுகள் உண்டு. ஃபீஸ் பற்றி விசாரிக்கும் அளவுக்கு அவர்கள் பழுதான விமானத்தை எப்போது ஓட்டலாம் என்ற விதியை விசாரிப்பதில்லை.

விமானத்தில் தெரியவரும் பழுதை 'ஸ்னாக்' என்பார்கள். அதை டெக் லாக் என்ற, விமானத்தின் பழுதுகளையும் பராமரிப்பையும் பதியும் புத்தகத்தில் எழுத வேண்டும். உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் சரிசெய்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் விமானம் கிளம்பலாம்.

எல்லாப் பழுதுக்கும் விமானம் நின்றுவிடாது. விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் ஒப்புதல் பெற்ற எம்இஎல் (எந்தக் கருவி வேலை செய்யாவிட்டாலும் பறக்கலாம் என்று சொல்லும் பட்டியல்) இருந்தால், அதில் உள்ள சிலவற்றைச் சரிசெய்வதைத் தள்ளிப்போடலாம். பட்டியலில் பழுதுகள் நான்கு வகை: பி வகைக்கு 3 நாள், சி வகைக்கு 10, டி வகைக்கு 120. ஏ வகைக்கு எவ்வளவு என்று பட்டியலிலேயே இருக்கும். எழுதிய நாள் கணக்கில் சேராது. பட்டியலில் இல்லாத பழுதுக்கு இந்தச் சலுகை கிடையாது.

சிக்கல் எங்கே என்றால், எழுதினால் விமானம் நிற்கும், அன்றைய வகுப்பு போகும். கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்தாக வேண்டும், மணிக்கணக்கில் காசு. அதனால் "சும்மா வாயால சொல்லிடு தம்பி, சாயங்காலம் பாத்துக்கலாம்" என்ற பேச்சு வரும். செஸ்னா மாதிரியான சிறிய பயிற்சி விமானத்தில் எஞ்சினுக்கு இரண்டு மேக்னீட்டோ, அதாவது எரிபொருளைப் பற்றவைக்கும் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் கருவி. கிளம்பும் முன் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பார்கள். ஆர்பிஎம், அதாவது எஞ்சின் சுற்றும் வேகம், அளவுக்கு மேல் விழுந்தால் ஏதோ கோளாறு. "நேத்தும் இப்படித்தான், ஓடுச்சே" என்று மேலே ஏறி, மற்றதும் நின்றால் எஞ்சினே நின்றுவிடும். வாயால் சொன்ன ஸ்னாக் அடுத்து ஏறுகிறவருக்குத் தெரியவே தெரியாது. என்னைக் கேட்டால், பழுதைவிட எழுதாத பழுதுதான் மோசம்.

விமானத்தை ஏற்பதா வேண்டாமா என்ற முடிவு அதன் தலைமை விமானியுடையது. பயிற்சி வகுப்பில் அது பயிற்றுநர். மாணவர் தனியாக ஓட்டும் நாளில் அந்தப் பொறுப்பு மாணவருக்கு வந்துவிடும். ஏற மாட்டேன் என்று சொல்லும் உரிமையும் சேர்ந்தே வரும். பிள்ளை அப்படிச் சொல்லிவிட்டு வந்தால் வீட்டில் காசுக் கணக்குப் பார்க்க வேண்டாம்.

பள்ளியில் சேர்க்கும் முன் எம்இஎல் இருக்கிறதா, டெக் லாக்கை மாணவர் பார்க்கலாமா என்று கேளுங்கள். அழுத்தம் கொடுத்தால், பெயரை ரகசியமாக வைத்துக்கொள்ளும் தன்னார்வத் தகவல் முறை டிஜிசிஏவில் உண்டு.