சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை

மழை விட்ட சாலையில் சிக்னலில் இருந்து கிளம்பும்போது முன் சக்கரம் ஒரு நொடி வெறுமனே சுற்றும், அப்புறம்தான் வண்டி நகரும். இல்லையென்றால் வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பியும் கார் நேராகவே போகப் பார்க்கும். எல்லாவற்றுக்கும் "வண்டி வழுக்குது" என்று ஒரே பெயரைத்தான் சொல்கிறோம். காரணங்கள் வேறு வேறு, அதனால் எதையும் கழற்றுவதற்கு முன்னால் எது வழுக்குகிறது என்று கண்டுபிடித்துவிடுவது நல்லது.

சக்கரம்தான் வழுக்குகிறதா என்பதே முதல் கேள்வி. கிளட்ச் தேய்ந்த காரிலும் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்ஜின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது, ஓட்டுகிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் கிளட்ச் வழுக்கல் நன்றாகக் காய்ந்த சாலையிலும் வரும், குறிப்பாகப் பெரிய கியரில் மேடு ஏறும்போது, சில நேரம் கருகிய வாடையோடு. டயர் வழுக்கல் ஈரத்திலோ மணலிலோ, முதல் இரண்டு கியர்களில் அழுத்தி மிதிக்கும்போதுதான் அதிகம் வரும். கூடவே, சறுக்கும் கார் படம் போட்ட விளக்கு டாஷ்போர்டில் சிமிட்டும்.

அந்த விளக்கைக் கவனிக்க வேண்டும். சிமிட்டினால், சக்கரம் வெறுமனே சுற்றுவதைத் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். அதன் சுவிட்சை யாரும் அணைக்காமலேயே, ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) விளக்கும் சேர்ந்து தொடர்ந்து எரிந்தால், அது வேலையை நிறுத்திவிட்டது. இந்த இரண்டு அமைப்புகளுக்கும் கண் ஒன்றுதான்: ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் அளக்கும் சின்ன சென்சார். இன்ஜின் விசையை இடது, வலது சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் தரும், அதனால் ஒரு சக்கரம் சேற்றில் சும்மா சுற்றினால், கெட்டியான தரையில் நிற்கும் அடுத்த சக்கரத்துக்கும் அதே சொற்ப விசைதான் போய்ச் சேரும். டிராக்‌ஷன் கன்ட்ரோல் சுற்றும் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் பிடிக்கிறது. உடனே அதைச் சுற்றவே கூடுதல் விசை வேண்டியிருக்கிறது, அதே அளவு அடுத்த பக்கத்துக்கும் போகிறது, வண்டி நகர்ந்துவிடுகிறது. இவ்வளவும் நடக்க அந்த சென்சார் உண்மை சொல்ல வேண்டும். அதன்மேல் இரும்புத்தூள் அப்பியிருந்தாலோ, வயர் அறுந்திருந்தாலோ, அது படிக்கும் வளையம் விரிசல் விட்டிருந்தாலோ எல்லாமே நின்றுபோகும். ஸ்கேனரைப் போட்டால் எந்தச் சக்கரம் என்று சொல்லிவிடும், துடைத்து, வயரையும் வளையத்தையும் பார்த்த பிறகு புது சென்சார் வாங்கினால் போதும்.

சரி, விளக்குகள் ஒழுங்காக இருக்கின்றன, ஆனாலும் வழுக்குகிறது. அப்போது டயர்தான். ஒரு டயர் சாலையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள காரை நான்கு உள்ளங்கைகள் பிடித்து வைத்திருக்கின்றன என்று நினைக்கும்போது எனக்கு இன்னும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. வேகம் எடுப்பது, நிறுத்துவது, திருப்புவது மூன்றுக்கும் அங்கே கிடைக்கும் பிடிமானத்தைத்தான் பங்கு போட வேண்டும். வளைவில் பெரும்பங்கு திருப்பத்துக்கே போய்விடுகிறது, மிச்சத்துக்கு மேல் மிதித்தால் முன் சக்கரம் விட்டுவிடும்.

எங்கள் கார் ஈரத்தில் வழுக்கத் தொடங்கியபோது டயரை வெளியில் இருந்து பார்த்து, பட்டன் (சாலையில் படும் ரப்பர் கட்டிகள்) நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன். பிறகு ஒருநாள் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, டயரின் உள்பக்க ஓரத்தில் விரலை ஓட்டினேன். மொழுமொழுவென்று இருந்தது. வெளி ஓரத்தில் விரல் நுனி இறங்கும் அளவு பள்ளம், உள் ஓரத்தில் பள்ளம் இருந்த தடமே இல்லை. அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், விலகி இரண்டு முன் சக்கரங்களும் லேசாக வெளிப்புறம் பார்த்தபடி ஓடியிருக்கின்றன. நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு, அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரைப் பார்க்க வேண்டும். டயரைப் படிக்கத் தெரிந்தால் பாதி நோய் தெரிந்துவிடும்.

பள்ளத்தின் வேலை தண்ணீரை வெளியே தள்ளுவது. புது டயரில் அது சுமார் 8 மி.மீ. ஆழம், பல நாடுகளில் 1.6 மி.மீ. சட்டப்படியான கடைசி அளவு, என் கருத்தில் 3 மி.மீ. வந்தாலே மாற்றிவிடலாம். தண்ணீர் வெளியேற வழியில்லாவிட்டால் டயர் அதன்மேல் ஏறி மிதக்கும். 1963-ல் நாசா வெளியிட்ட கணக்குப்படி, மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 32 பிஎஸ்ஐ காற்றுக்கு மணிக்குச் சுமார் 94 கி.மீ. வருகிறது, 25 பிஎஸ்ஐ என்றால் 83. விமான டயர்களை வைத்துப் போட்ட கணக்கு அது, தேய்ந்த கார் டயர் இன்னும் முன்னாலேயே மிதக்கலாம். காற்றைக் குறைத்தால் மழையில் பிடிமானம் கூடும் என்று நம்புகிறவர்கள் இந்த எண்களைப் பார்க்க வேண்டும்.

பட்டன் ஆழமாக இருந்தும் வழுக்கினால் டயரின் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் செய்தது. வயதான ரப்பர் இறுகிப்போய்ச் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் பதியாது, அதற்கு மாற்று டயர் தவிர வேறு வைத்தியம் இல்லை.

நான் இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினேன், முன் சக்கரம் இழுக்கும் வண்டியாக இருந்தும் அவற்றைப் பின்னால்தான் மாட்டச் சொன்னேன். முன்பக்கம் வழுக்கினால் ஆக்ஸிலேட்டரில் இருந்து காலைத் தளர்த்தி மீட்டுவிடலாம், ஈர வளைவில் பின்பக்கம் விட்டுவிட்டால் வண்டி சுழன்றுவிடும். பின்னால் இருந்த நல்ல ஜோடி முன்னால் வந்தது, அதன் பிறகு அலைன்மென்ட் செய்துகொண்டேன். இப்போது மாதம் ஒருமுறை காற்றுப் பார்க்கும்போது உள் ஓரத்திலும் விரலை ஓட்டிவிடுகிறேன்.